தலையெழுத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: டீச்சரிடம் கேள்வி பதில்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், அதாவது தத்துவம், படித்தேன். பிறகு இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துப் பாடசாலைகளில், மனக் கஷ்டத்தோடு வரும் பிள்ளைகளோடு பேசும் உளவளத்துணை ஆசிரியையாகப் பல வருஷம் இருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மெய்யியலை வைத்து உளவளத்துணையா? புதுசாக இருக்கிறதே. (ஆசிரியர், பண்டாரவளை)

பெயர்தான் புதுசு, சேர். 1981இல் ஜெர்மனியில், கொலோன் நகருக்குப் பக்கத்தில், கெர்ட் ஆக்கன்பாக் என்பவர் இதற்கென்றே ஓர் இடம் திறந்தார். நோய்க்குப் பெயர் வைக்காமல், வந்தவரோடு உட்கார்ந்து அவர் எப்படி யோசிக்கிறார் என்று பேசிப் பார்ப்பதுதான் வேலை. ஆனால் விஷயம் பழசு. ரோம ராச்சியத்தில் அடிமையாக இருந்த தத்துவஞானி எபிக்டெட்டஸ், நம்மைக் கலக்குவது நடந்த காரியம் இல்லை, அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம்தான் என்றார். 1950களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறைக்கு இந்தக் கருத்தைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டார்.

மகன் உயர்தரப் பரீட்சையில் ரெண்டு தடவை தவறிட்டான் டீச்சர். "நம்ம தலையெழுத்து லயத்தோடதான், இந்தத் தோட்டத்து வரிசை வீட்டோடதான்"னு சொல்றான். நான் என்ன சொல்ல? (கொழுந்து பறிக்கும் தாய், தலவாக்கலை)

அவனோடு வாதாடாதீங்க அம்மா. அந்தத் தலையெழுத்தில் என்னதான் எழுதியிருக்கு என்று கேளுங்க.

இதே பேச்சோடு வந்த ஒரு பையனிடம் தாளும் பேனையும் கொடுத்தேன். நாலு வரி எழுதினான். பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்க ஒரு வருஷமாக ஆள் இல்லை. அப்பா குடிக்கிறார். நான் முட்டாள். கடைசி வரியில் பேனையை அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆசிரியர் இல்லாதது விதியா? யாரோ ஒருவர் ஒரு நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். 1948இல் நம் ஆட்களை, மலையகத் தோட்டத் தமிழரை, பிரஜாவுரிமை இல்லாமல் ஆக்கியதும் ஒரு சட்டம். 2003இல், மிச்சம் இருந்தவர்களுக்கும் அதைத் திருப்பிக் கொடுத்ததும் ஒரு சட்டம். நடுவில் எத்தனை பாட்டிமார் அதையும் தலையெழுத்து என்று சொல்லியிருப்பார்கள்!

நாலாவது வரிக்கு வந்தபோது, "உன் தங்கச்சி பெயிலானால் அவளை முட்டாள் என்பாயா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், டீச்சர் வரலன்னு சொல்லுவேன்" என்றான். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, அவனே அந்த வரியை வெட்டினான்.

வள்ளுவர் ஓர் அதிகாரத்தில் ஊழைவிடப் பலமானது எது என்று கேட்கிறார். இன்னோர் அதிகாரத்தில், தளராமல் உழைப்பவர் அந்த ஊழையே புறங்காண்பார் என்கிறார். இது முரண்பாடு என்று பிள்ளைகள் சொல்லும். எனக்கு ரெண்டுமே வேண்டும். புள்ளிக்கு முதலாவது, மறுபடி விண்ணப்பிக்க ரெண்டாவது.

"தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்கிறார்களே. அப்போ கொழுந்து குறைந்தது என்று எங்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டாலும் குற்றம் எங்களுடையதா? (இளைஞர், அப்புத்தளை)

நல்லா கேட்டீங்க தம்பி. கூட்டங்களில் இந்த வரியைத் தொழிலாளிக்குப் போதிக்கும்போது எனக்கும் எரிச்சல் வரும். அதே பாட்டுக் கடைசியில், பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்ற கணக்கை வைப்பது தோட்டம். அதற்கு உங்கள் மனசைத் திருத்தி என்ன ஆகப்போகிறது? தொழிற்சங்கத்துக்குப் போங்க. போய்ப் பேசிவிட்டு வந்த ராத்திரி தூக்கம் கெடாமல் இருக்க வேண்டுமா, அப்போ எபிக்டெட்டஸைக் கூப்பிடலாம்.

பக்கத்து லயத்தில் ஓர் அக்காவுக்குக் குழந்தை தவறிவிட்டது. என்ன தத்துவம் சொல்லலாம்? (நுவரெலியா)

ஒன்றும் சொல்லாதீங்க. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசாகோதமிக்குப் புத்தர் போதனை செய்யவில்லை. சாவு விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவின் கதையைக் கேட்டாள். லயத்தில் நடக்கவே தேவையில்லை, ஒரு சுவர்தான் இடைவெளி. தேத்தண்ணி ஊத்திக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்க.

இது மருந்துக்குப் பதிலா?

இல்லவே இல்லை. நாள்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, காதில் குரல் கேட்கிறது, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நானே தொடங்க ஒரு வழி சொல்லுங்க டீச்சர்.

கவலையை ஒரே வசனமாக எழுதுங்க. அதில் "எப்பவும்", "ஒருத்தருமே" மாதிரிச் சொல் இருந்தால் கீழே கோடு போடுங்க. "புருஷன் எப்பவும் அடிக்க வர்றார்" என்று எழுதிய ஒரு தங்கச்சியை, ஒரு மாசம் கலண்டரில் புள்ளி வைக்கச் சொன்னேன். அவள் பாதுகாப்புக்கு அம்மா வீட்டில் ஏற்பாடு செய்த பிறகுதான். மாசம் முடிந்து கலண்டரோடு வந்தாள். "எப்பவும் இல்ல டீச்சர். சம்பளம் போட்ட அன்னிக்கும், அதுக்கு அடுத்த ரெண்டு நாளும்" என்றாள். அன்றைக்குத்தான் சாராயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.