34 வயதில் ஆசிரியர் வேலையை விட்டு வேறு துறைக்குப் போகலாமா?

எம்.எஸ்ஸி. விலங்கியல், பி.எட்., தனியார் பள்ளியில் பத்து வருடம் என்று மட்டும் கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். சம்பளத்தைச் சொல்லவில்லை. நான் வாங்கியதைச் சொல்கிறேன். திருச்சி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்தேன். கடைசியாகக் கையில் வந்தது மாதம் 14,500 ரூபாய். மே மாதம் அதில் பாதி. உங்கள் நிலைமையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போகலாம். நான் 2018இல், 33 வயதில், இரண்டு பிள்ளைகளோடு மெடிக்கல் கோடிங்குக்குப் போனேன். அமெரிக்காவில் ஒரு நோயாளியைப் பார்த்த டாக்டர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போட்டுக் கொடுக்கும் வேலை அது. அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் வரும். “டீச்சர் வேலையை விட்டுட்டு டைப் அடிக்கப் போறியா?” என்று என் மாமியார் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஊரில் டீச்சருக்கு இருக்கும் மரியாதை அப்படி. ஆனால் இது டைப் அடிக்கிற வேலை இல்லை. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. முன்பு சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்தில் இப்போது 70,000க்கும் மேல். எலும்பு முறிந்தது என்றால் எந்த எலும்பு, அதில் எந்தப் பகுதி, இடதா வலதா, இது முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்று அத்தனையும் பார்க்க வேண்டும். உடற்கூறு தெரிந்தவருக்கு இதில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மீதிப் பாதிதான் எனக்குச் சிரமமாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு சார்ட், அதாவது நோயாளியைப் பற்றி டாக்டர் எழுதிய குறிப்பு, வந்தது. சர்க்கரை நோய் டைப் 2, சிறுநீரகப் பாதிப்பு நான்காம் நிலை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று டாக்டர் எழுதவில்லையே என்று சர்க்கரைக்கு இ11.9, சிறுநீரகத்துக்கு என்18.4 எனத் தனித்தனியாகப் போட்டேன். தப்பு என்று திரும்பி வந்தது. வேறு காரணம் என்று டாக்டர் சொல்லாதவரை இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், சிறுநீரகப் பாதிப்போடு சேர்ந்த சர்க்கரை நோய்க்கான இ11.22 போட்டுவிட்டுத்தான் என்18.4 என்பது விதி. அடுத்த வாரம் இதற்கு நேர் எதிர். வெளிநோயாளி சார்ட்டில் ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று இருந்தது. அறிகுறிகளைப் படித்தால் எனக்கே நிமோனியா என்று தெரிகிறது, போட்டுவிட்டேன். அதுவும் தப்பு. உறுதியாகாத நோயை வெளிநோயாளிக்குப் போடக் கூடாது, இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளைத்தான் போட வேண்டும். நான் விடாமல் வாதாடினேன். நான் போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டருக்கு 24 வயது இருக்கும். “அக்கா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். கைட்லைன்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுங்க” என்றான். அன்று இரவு அந்தக் கைட்லைனை முதல் வரியிலிருந்து எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் ஒன்பது வருடம் நான் சொன்னதுதான் முடிவு. அந்தப் பழக்கத்தைக் கைவிட எனக்கு ஆறு மாதம் ஆனது. பாடத்தைக் கற்றுக்கொள்ள அவ்வளவு நாள் ஆகவில்லை.

வேலையை விடுவதற்கு முன்பே தில்லை நகரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு எட்டு மாதம் போனேன். நீங்களும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே படித்துவிடுங்கள். எனக்கு அப்போது ட்ரெய்னி சம்பளம் 12,000தான், பள்ளியைவிடக் குறைவு. ஒன்றரை வருடம் இழுத்துப் பிடித்துத்தான் குடும்பம் நடந்தது. 2019இல் மெடிக்கல் கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வு எழுதினேன். அப்போது 150 கேள்விகள், 5 மணி 40 நிமிடம். இப்போது 100 கேள்விகள், 4 மணி நேரம் என்று குறைத்துவிட்டார்கள். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் நேரம் போதாது.

இந்தத் துறையில் ஆள் நிறைந்துவிட்டது, ஏஐ வந்துவிட்டது என்று கீழே சிலர் எழுதுவார்கள். எக்ஸ்ரே மாதிரி எளிய சார்ட்டுகளுக்கு மென்பொருளே குறியீடு போடுவதை நானும் பார்க்கிறேன். அதனால் கோடிங்குக்கே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஆசிரியர் வேலையை மட்டமாகவும் சொல்லவில்லை, பிள்ளைகள் முகம் இன்னும் கனவில் வருகிறது. உங்கள் விலங்கியல் பாதியாவது உதவுகிற இடமாகப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வேலையில் சேரும்போதே என் பத்தாம் வகுப்பு முதல் பி.எட். வரை எல்லா ஒரிஜினலையும் பள்ளி வாங்கி வைத்துக்கொண்டது. ராஜினாமா கொடுத்ததும் மூன்று மாதச் சம்பளம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். என் அப்பா, 68 வயது மனிதர், நான்கு முறை போய் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட உள்ளே கூப்பிடவில்லை. சான்றிதழ் காட்ட முடியாமல் முதலில் கிடைத்த வேலை கைநழுவிப் போனது. கடைசியில் வளையலை அடகு வைத்து 43,500 ரூபாய் கட்டி வாங்கினேன். நான் படித்து வாங்கிய சான்றிதழ்கள் அவை. வளையலை மீட்டுவிட்டேன், அப்பா அங்கே உட்கார்ந்திருந்தது மட்டும் ஆறவில்லை.

உங்கள் ஒரிஜினல்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? பள்ளியில் இருந்தால், எந்த வகுப்பில் சேர்வது என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.