மொன்மார்த் குன்றைப் பின்பக்கத்தால ஏறுங்கோ: கேள்வி பதில்

பாரிஸ் பதினெட்டாம் வட்டாரத்தில குடியிருந்து இருபத்தேழு வருஷமாச்சு. ஊரிலயிருந்தும் கனடாவிலயிருந்தும் வாற சொந்தக்காரரை மொன்மார்த்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போய், இப்ப முன்பின் தெரியாத ஆக்களோடயும் ஞாயிற்றுக்கிழமையில நடக்கிறன். காசு வாங்கிறேல்லை, கடைசியில ஒரு கோப்பி வாங்கித் தந்தால் காணும். ஓவியர்கள் வாழ்ந்த இந்தக் குன்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்ர மறுமொழி கீழே.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, ஆனியில பாரிசுக்கு வாறம். மொன்மார்த்துக்கு அரைநாள்தான் இருக்கு. எங்க தொடங்கிறது?

எல்லாரும் அன்வேர் மெத்ரோவில இறங்கி, சாக்ரே-கேர் எண்ட வெள்ளைக் கோயிலின்ர முன்படியால ஏறுவினம். நீங்கள் அப்பிடிப் போகாதேங்கோ. அந்தப் படியடியில கையில நூலைக் கட்டிப்போட்டுக் காசு கேக்கிற கூட்டம் நிற்கும். 12ஆம் இலக்க மெத்ரோவில லமார்க்-கோலன்கூர் நிலையத்தில இறங்கினால் குன்றின்ர பின்பக்கம் வரும். காலமை ஒன்பது மணிக்கு அங்க பாண் வாங்கப் போற கிழவிகளையும் நாய்களையும் தவிர ஒருத்தரும் இல்லை.

அங்கயிருந்து சோல் தெருவுக்கு வந்தால் முதல்ல லப்பான் அஜில் எண்ட பழைய பாட்டுக்கடை. அதின்ர பெயர்ப் பலகையை நிண்டு பாருங்கோ. கையில போத்தலோட ஒரு முயல் கறிச்சட்டிக்குள்ள இருந்து வெளிய பாயுது. கீறினவர் அந்திரே ஜில். "ஜில்லின்ர முயல்" எண்டு பிரெஞ்சில சொல்லிச் சொல்லி அது "சுறுசுறுப்பான முயல்" ஆகிட்டுது, உச்சரிப்பு ஒண்டுதான். வெளிய தொங்கிறது பிரதி, அசல் மேல அருங்காட்சியகத்தில இருக்கு.

பிறகு கொர்த்தோ தெரு 12ஆம் இலக்கம், அதுதான் நான் சொன்ன மொன்மார்த் அருங்காட்சியகம், பத்து மணிக்குத் திறப்பினம். பிறகு தெர்த் சதுக்கம், கோயில், திரும்பி லெப்பிக் தெருக் காற்றாலைகள், கடைசியில பிக்காசோ இருந்த இடம், அபெஸ் மெத்ரோ. ஆறுதலா நடந்தால் அருங்காட்சியகத்தோட மூண்டு மணித்தியாலம்.

சென்னையிலிருந்து: ஓவியர்கள் எல்லாரும் ஏன் இந்த ஒரு குன்றுக்கு வந்தாங்க? வெளிச்சம் நல்லா இருக்கும்னு படிச்சேன்.

வெளிச்சம் நல்லதுதான், ஆனால் வாடகை அதைவிட நல்லது. 1860 வரைக்கும் மொன்மார்த் பாரிசுக்குள்ள இல்லை, தனி ஊர். பாரிஸ் எல்லை மதிலுக்குள்ள கொண்டுபோற வைனுக்கு வரி, மதிலுக்கு வெளிய இல்லை. அதால குடிக்கிறதுக்கும் ஆடுறதுக்கும் சனம் குன்றேறி வந்தது. குன்றுக்குள்ள முழுக்க ஜிப்சம் சுரங்கம், கை முறிஞ்சால் போடுற "பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்" அதிலயிருந்து வந்ததுதான். கீழ இருக்கிற பிளான்ஷ் சதுக்கத்தின்ர பெயருக்கு "வெள்ளை" எண்டு அர்த்தம், பிளாஸ்டர் வண்டியில கொட்டுண்ட தூள்தான் காரணம். பேந்து ஓஸ்மான் எண்ட நகர அதிகாரி பாரிசை இடிச்சு அகலத் தெருக்கள் போட்டபோது, கூலிச்சனம் மேல வந்து குடியேறிச்சுது. ஓவியனும் அந்தக் கணக்கில ஒரு ஆள்தான்.

ஓவியர் ரெனுவார் 1876இல காற்றாலைக்குப் பக்கத்து ஆட்டக்களத்தைக் கீறினதும் இதைத்தான். மரத்தால வடியிற வெயில் பொட்டுப் பொட்டாச் சட்டையில விழ, ஞாயிறு பின்னேரம் தையல்காரப் பெட்டையள் ஆடுகினம். அந்தப் படம் இப்ப ஓர்சே அருங்காட்சியகத்தில. முதல் நாள் அதைப் பார்த்திட்டு அடுத்த நாள் குன்றுக்கு வந்தால் கண்ணுக்கு இன்னும் கனக்கத் தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து: பிக்காசோவின் வீட்டுக்குள் போக முடியுமா?

முடியாது. எமில்-கூதோ சதுக்கம் 13ஆம் இலக்கம், பெயர் பத்தோ-லவ்வார். சேன் ஆற்றில உடுப்புத் தோய்க்கிற படகைத்தான் அப்பிடிச் சொல்லுறது. பழைய மரக் கட்டடம், காற்றடிச்சால் முனகுமாம். உள்ள இருந்த எல்லாருக்கும் ஒரே ஒரு தண்ணிக் குழாய். பிக்காசோ 1904இல இருந்து 1909 வரை அங்க இருந்தார், 1907இல "அவிஞ்ஞோன் பெண்கள்" எண்ட பெரிய படத்தைக் கீறினது அங்கதான். 1970இல தீப்பிடிச்சு எரிஞ்சுது. முன்பக்கம்தான் மிஞ்சிச்சுது, பின்னால இருக்கிறது 1978இல கட்டினது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள கொஞ்சம் பழைய படங்கள் வைச்சிருக்கினம், அவ்வளவுதான். கனபேர் "இதுக்கோ இவ்வளவு நடந்தனாங்கள்" எண்டுவினம். நான் அதிலயிருக்கிற வாங்கில ஐஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லுவன், மரநிழல் வடிவு.

லப்பான் அஜிலில தொங்க எண்டு பிக்காசோ 1905இல ஒரு படம் கீறிக் குடுத்தவர். அது 1989இல ஏலத்தில 4 கோடி டொலருக்கு மேல போச்சுது. கடைக்காரர் அதை எப்பவோ வித்துப்போட்டார், பாவம்.

மட்டக்களப்பிலிருந்து: நான் படம் கீறுற பிள்ளை. எல்லா இடத்திலும் ஆண்களின் பெயர்தான் வருகிறது. அங்கே பெண்கள் இருக்கவில்லையா?

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் கொர்த்தோ தெருவில ஆக்களைக் கூடநேரம் நிப்பாட்டிறனான்.

சுசான் வலதோன், பிறந்தது 1865. தாய் உடுப்புத் தோய்க்கிற வேலைக்காரி, தகப்பன் ஆரெண்டு தெரியாது. சின்ன வயசில சர்க்கசில ஊஞ்சல் ஆடி, விழுந்து அடிபட்டு அந்தத் தொழில் போச்சுது. பிறகு ஓவியர்களுக்கு மொடல். ரெனுவாரின்ர "பூஜிவாலில் நடனம்" படத்தில சிவப்புத் தொப்பியோட ஆடுற பெட்டை அவதான். மொடலா நிக்கேக்க அவர்கள் தூரிகையை எப்பிடிப் பிடிக்கினம், எங்க நிழல் போடுகினம் எண்டு பார்த்துப் பழகினவ. ஒரு ஓவியப் பள்ளிக்கூடத்துக்கும் போகேல்லை. பேர்பெற்ற ஓவியர் தெகா அவவின்ர கோட்டோவியங்களைப் பார்த்து, வாங்கி வைச்சார். 1894இல தேசியக் கலைச் சங்கத்தின்ர கண்காட்சியில அவை தொங்கிச்சுது.

மகன் உத்ரில்லோ குடியில விழ, தாய்தான் கையில தூரிகையைக் குடுத்தது. அவர் கீறின வெள்ளைச் சுவர்த் தெருக்கள்தான் இண்டைக்குக் கடைகடையாத் தொங்கிற தபாலட்டை மொன்மார்த். மகனின்ர சிநேகிதன், தன்னைவிட இருபத்தொரு வயசு இளையவர், அவரை வலதோன் கலியாணம் முடிச்சவ. 1909இல அவரையும் தன்னையும் ஆதாம் ஏவாளா உடுப்பில்லாமக் கீறினவ. பேந்து கண்காட்சிக்கு வைக்க, ஆதாமுக்கு மட்டும் இலை கீற வேண்டி வந்தது! ஏவாள் அப்பிடியே நிக்கிறா. ஆம்பிளையள் பொம்பிளையளைக் கீறினபோது ஒருத்தரும் இலை கேக்கேல்லை.

அருங்காட்சியகத்தின்ர மேல்மாடியில அவ இருந்த பட்டறையைத் திரும்ப அமைச்சு வைச்சிருக்கினம். வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடி, இரும்பு அடுப்பு. அந்தக் கண்ணாடியடியில நிண்டு ஒரு படம் கீறிப் பாருங்கோ, வெளிச்சம் பற்றிச் சென்னைக்காரர் கேட்டது விளங்கும். தோட்டத்தில ஒரு ஊஞ்சலும் தொங்குது. ரெனுவார் "ஊஞ்சல்" கீறினது அந்தத் தோட்டத்திலதான், 1876இல.

லண்டனிலிருந்து: சதுக்கத்தில் முகம் வரைபவர்களை நம்பலாமா?

தெர்த் சதுக்கத்துக்குள்ள கதிரை போட்டு இருக்கிறவர்களுக்கு நகரசபை அனுமதி இருக்கு. ஒரு சின்ன இடத்தை ரெண்டு பேர் முறைவைச்சுப் பாவிப்பினம். விலையை முதல்லயே கேட்டால் பிரச்சினை இல்லை.

கையில மட்டையோட தெருவில நடந்து வாறவர்தான் கரைச்சல். மாமி ஒருவ ஊரிலயிருந்து வந்தவ. ஒருத்தர் கேளாமலே கீறத் தொடங்கிட்டார், மாமியும் மரியாதைக்கு அசையாமல் நிண்டுட்டா. நான் பாண் வாங்கிக்கொண்டு வாறதுக்குள்ள எண்பது யூரோ. படத்தைப் பார்த்தால் மாமியின்ர தங்கச்சி மாதிரி இருந்தது. இப்ப அது கொக்குவிலில தங்கச்சி வீட்டிலதான் தொங்குது.

ஒஸ்லோவிலிருந்து: அம்மாவுக்கு முழங்கால் வலி. முடியுமா?

முடியும். கேபிள் ரயில் மேல ஏத்தும். 40ஆம் இலக்கச் சின்ன பஸ் குன்றைச் சுத்தி வரும். அபெஸ் நிலையத்தில மட்டும் லிப்ற்றை விட்டிடாதேங்கோ, பாரிசிலேயே ஆழமான நிலையம், 36 மீற்றர். படியில ஏறினால் அம்மா உங்களோட கதைக்கமாட்டா.

சூரிச்சிலிருந்து: திராட்சைத் தோட்டம் பழங்காலத்ததா? வான்கோ வீடு எங்கே? மூலான் ரூஜும் பார்க்கலாமா?

தோட்டம் 1933இல நட்டது. அந்தக் காணியில வீடு கட்ட விடாமல் மறிக்கிறதுக்கு நட்டவை, ஐப்பசிப் பக்கம் அறுவடை விழா நடக்கும். வான்கோ 1886இல இருந்து 88 வரை லெப்பிக் தெரு 54இல தம்பியோட இருந்தவர். கதவுக்கு மேல ஒரு பலகை, உள்ள ஆக்கள் குடியிருக்கினம், மணியை அமத்தாதேங்கோ. மூலான் ரூஜ் எண்ட ஆட்டக் கொட்டகை குன்றுக்குக் கீழ இருக்கு. வெளியால ஒரு போட்டோ எடுத்தால் காணும் எண்டது என்ர அபிப்பிராயம்.

ஜேர்மனியிலிருந்து: இப்பவும் ஓவியர்கள் அங்கே வாழ்கிறார்களா?

எரிஞ்ச இடத்தில திரும்பக் கட்டின பத்தோ-லவ்வாரில பட்டறைகள் இருக்கு. ஓர்டனேர் தெருவில 1930 வாக்கில கலைஞர்களுக்கெண்டே கட்டின பெரிய குடியிருப்பும் இருக்கு. மற்றப்படி இந்த வாடகைக்கு ஒரு இளம் பிக்காசோ இங்க ஒரு மாசம் தாங்கான். அந்தக் காலத்திலேயே வெளிக்கிடத் தொடங்கிட்டினம். பிக்காசோவே 1912இல ஆற்றுக்கு அந்தப்பக்கம் மொன்பர்னாசுக்குப் போனவர். நீங்கள் வந்து இறங்கிற 12ஆம் இலக்க மெத்ரோதான் ரெண்டு இடத்தையும் இணைக்குது.

ரொறன்ரோவிலிருந்து மறுபடியும்: மத்தியானம் எங்கே சாப்பிடுவது? பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுச் சாப்பாடு பிடிக்காது.

சதுக்கத்தைச் சுத்தியிருக்கிற கடையளில கோப்பியோட நிப்பாட்டுங்கோ, அங்க கதிரைக்கும் சேர்த்துத்தான் விலை. கோயிலின்ர கிழக்குப் பக்கப் படியால இறங்கி, பார்பேஸ் சந்தியைத் தாண்டி நேர நடந்தால் அரைமணித்தியாலத்துக்குள்ள லாச்சப்பல். எங்கட கடைத்தெரு. மட்டன் றோல்சும் கொத்துரொட்டியும் பிளேன்ரீயும். எனக்கு வாங்கித் தாற கோப்பியையும் அங்கேயே வாங்கலாம், ரெண்டு றோல்சோட.