சிங்கப்பூரில் அம்மாவையும் நாயையும் கூட்டிக்கொண்டு நடக்க எளிதான இயற்கைப் பாதை எது?

முழங்கால் வலியுள்ள அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், வீட்டில் நாய் இருக்கிறது, இருவரையும் சேர்த்து அழைத்துப் போக வேண்டும், மலையேற்றம் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ரயில் காரிடார், அதாவது பழைய ரயில் தடத்தை நடைபாதையாக்கிய பசுமைப் பாதை. அதிலும் ஹில்வியூவிலிருந்து பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் வரையிலான சுமார் 4 கிலோமீட்டர்.

நம் ஆட்கள் நிறையப் பேர் முதலில் போவது புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்கு. அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு அடங்கிய மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியிலும் அதே கதைதான். சிங்கப்பூரில் பூங்காக்களுக்குப் பொதுவாக நாயைக் கயிற்றோடு கூட்டிப் போகலாம், பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் கூடாது. நாய் வராவிட்டாலும் அம்மாவுக்குப் புக்கிட் தீமா மலை சரிப்படாது. உயரம் 160 மீட்டர் சொச்சம்தான், ஆனால் ஏற்றம் செங்குத்து.

ரயில் காரிடார் சமமாக இருப்பதற்குக் காரணம் ரயில்தான். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் அந்தக் காலத்தில் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ரோட்டுக்கு மேலே பாலம் போட்டுத் தடத்தை மட்டமாக்கி வைத்தார்கள். அந்த உழைப்பின் பலனை இன்று முழங்கால் வலிக்காரர்கள் அனுபவிக்கிறார்கள். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளம். மலாயா ரயில்வேயின் கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பியது. ஓட்டிப் போனவர் பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரின் சுல்தான். அதற்குப் பிறகு தண்டவாளத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நான் சொல்லும் இந்த நடுப்பகுதியைச் சீரமைத்து 2021-ல் திறந்தார்கள், பழைய நிலையத்தை 2022-ல்.

ஹில்வியூ பக்கம் தொடங்கினால் கொஞ்ச தூரத்தில் ரயில் மால் கடைவரிசை வரும். அதை ஒட்டியே அப்பர் புக்கிட் தீமா ரோட்டுக்கு மேலே பழைய இரும்புப் பாலம். சில நாய்கள் இங்கே நின்றுவிடும். கீழே பஸ் போகும் சத்தம் காலடியில் கேட்பது அவற்றுக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டு மணி, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த சிங்கப்பூர் ஸ்பெஷல் (உள்ளூர்க் கலப்பின நாய்), முதல் தடவை பாலத்துக்கு முன்னால் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். இழுக்காமல் நின்றேன், அவனே மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். உங்கள் நாயும் அடம்பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

பாலம் தாண்டியதும்தான் நல்ல பகுதி. ஒரு பக்கம் வனப்பகுதியின் சரிவு, மறுபக்கம் மரங்களுக்குப் பின்னால் ரோடும் வீடுகளும். அடுக்குமாடி வீட்டிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு பச்சை இருப்பதை என் மாமியார் நம்பவே இல்லை. “இது யாரோட தோப்பு?” என்றுதான் கேட்டார். பிறகு புக்கிட் தீமா ரோட்டின் மேல் இரண்டாவது இரும்புப் பாலம், அதைக் கடந்தால் நிலையம்.

1932-ல் திறந்த சின்ன நிலையம் அது. ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஓட்டுநரும் நிலைய அதிபரும் ஒரு சாவியைக் கைமாற்றிக்கொள்வார்கள். சாவி கையில் இருக்கும் ரயில்தான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். ரயில் நின்றுபோன 2011 வரை இங்கே இந்த முறைதான். நிலையத்தை ஒட்டிக் கொஞ்சம் தண்டவாளத்தையும் விட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் அம்மாவிடம் சொல்லலாம்: கொஞ்சம் தெற்கே, குவீன்ஸ்வே பக்கம், இதே தண்டவாளத்தின் ஓரத்தில் இந்திய ரயில்வே தொழிலாளர்கள் 1932-ல் முனீஸ்வரனுக்குச் சின்னக் கோயில் கட்டினார்கள். அதுதான் வளர்ந்து இப்போது காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். என் மாமியாருக்கு இரும்புப் பாலத்தைவிட இந்தச் செய்திதான் பிடித்தது.

சரி, இனி தொல்லைகள். முதல் தொல்லை வெயில். இங்கே வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும், ஒன்பதுக்கெல்லாம் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்துவிடும். பாதையில் நிழலே இல்லாத இடங்களும் உண்டு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பையான நாய் என்றால் இன்னும் கவனம். புறங்கையைத் தரையில் ஐந்தாறு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. அளவுக்கு மீறி எச்சில் வடித்தாலோ தள்ளாடினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, பாதம், காது எல்லாவற்றையும் தண்ணீரால் நனைத்துவிட்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அதனால் தண்ணீர் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது குரங்கு. நீண்டவால் குரங்குகள் இந்தப் பக்கம் சாதாரணம். அவற்றுக்கு பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. அம்மா கையில் முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டு நீங்கள் நாயோடு முன்னால் போனால் முறுக்கு குரங்குக்குத்தான். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டுவிடுங்கள். கூட்டத்தைப் பார்த்தால் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, முறைத்துப் பார்க்காமல் கடந்து போங்கள். இழுத்தால் நீளும் கயிறு இந்த இடத்துக்கு உதவாது, சாதாரணக் கயிறே போதும். சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து வரும்போதும் அதுதான் வசதி. பாவம் என்று குரங்குக்கு வாழைப்பழம் நீட்ட வேண்டாமென்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம்.

மற்ற விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: நாய்க்கு உரிமம், பொது இடத்தில் கயிறு, சில இனங்களுக்கு வாய்க்கூடு, கழிவை அள்ள ஒரு பை. அந்தப் பையைச் செடிக்குள் எறிந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும், அதைத் தனிப் பதிலாகத்தான் எழுத வேண்டும்.

போய்ச் சேருவதுதான் உண்மையான சிக்கல். ஹில்வியூ, கிங் ஆல்பர்ட் பார்க் இரண்டு எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்களும் பக்கத்தில்தான், ஆனால் எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களை ஏற்ற மாட்டார்கள். கிராப் வாடகைக் கார் செயலியில் செல்லப்பிராணிகளுக்கென்றே தனிச் சேவை இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். சாதாரண டாக்சி என்றால் ஓட்டுநரின் மனசைப் பொறுத்தது. ஒருமுறை நாயைப் பார்த்ததும் ஒரு டாக்சி நிற்காமலே போய்விட்டது. ஆகவே இரண்டு பக்கப் பயணத்தையும் வீட்டிலிருந்தே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அம்மா 4 கிலோமீட்டரையும் நடந்தாக வேண்டியதில்லை. பழைய நிலையத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள இரும்புப் பாலம் வரை போய்த் திரும்பினாலே அவருக்கு நல்ல நடை. நாய்க்கு அது பத்தாது என்றால் அம்மாவை நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் இருவரும் இன்னொரு சுற்று போய் வாருங்கள். முடிந்தால் வார நாள் காலையாகப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் அதிகம். முந்தைய நாள் பலத்த மழை என்றால் பாதை ஓரங்கள் சேறாக இருக்கும், வீட்டுக்கு வந்ததும் நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள்.