பழைய பள்ளிக் கட்டடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருதல்: எந்த வேலை முதலில்?

கேள்வி: நூறாண்டுக்கு முன் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டு, இப்போது மூடிக் கிடக்கும் ஒரு மாடிப் பள்ளிக் கட்டடத்தைப் படிப்பகமாகவும் கூட்ட அரங்காகவும் மாற்ற விரும்புகிறோம். சுவர்களின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்கிறது. அதை முழுவதும் கொத்தியெடுத்துவிட்டுச் சிமென்ட் பூசலாம் என்கிறார் மேஸ்திரி. அதிலிருந்தே தொடங்கலாமா?

பதில்: சிமென்ட் பூச்சு வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர், தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைப் பூச்சின் வழியாகவே ஆவியாக வெளியேற்றுகிறது. அடர்த்தியான சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, அதில் கரைந்துள்ள உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி, செங்கல்லையே பொடியாக்கத் தொடங்கும். சில ஆண்டுகள் சுவர் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதால், கேடு வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

முதல் வேலை, நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதுதான். உடைந்த ஓடுகள், அடைபட்ட மழைநீர்க் குழாய்கள், பல ஆண்டுகளாக மண் கொட்டியதால் உள்தளத்தைவிட உயர்ந்துவிட்ட வெளிமுற்றம் ஆகிய மூன்றையும் சரிசெய்தாலே ஈரத்தின் பெரும்பகுதி நின்றுவிடுவதுண்டு. அதன்பின் சுவர் உலரப் பல மாதங்கள் ஆகும். அவசரப்படாமல் காத்திருந்து, உதிர்ந்த பகுதிகளில் மட்டும் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். உறுதியாக நிற்கும் பழைய பூச்சைக் கொத்த வேண்டிய தேவையே இல்லை. விரிசல்களையும் உடனே அடைத்துவிடாமல், அளவுகுறி பதித்து ஓராண்டேனும் கவனியுங்கள். விரிசல் வளர்கிறதா, பழையதாகவே நிற்கிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும். மர உத்திரங்கள் பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் மட்கும் என்பதால், நடுப்பகுதி உறுதியாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது.

இந்தக் காத்திருப்புக் காலத்தை வீணாக்க வேண்டாம். எதையும் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் அளந்து வரைபடமும் புகைப்படமும் எடுத்து வையுங்கள். கரும்பலகை, சன்னல் கொக்கி, கதவுக் கீல் உட்பட. உரிமை ஆவணங்களையும், கட்டடம் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் உள்ளதா என்பதையும் சரிபார்ப்பதற்கும் இதுவே சரியான நேரம்.

அடுத்து, எந்த அறையில் எதை வைப்பது என்ற கேள்வி. வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ சுமையைக் கணக்கிடும் கட்டட விதிகள், நிலையான இருக்கைகள் இல்லாத கூட்ட அரங்குக்கு 500 கிலோ அளவும், புத்தக அடுக்குகளுக்கு அதற்கு மேலும் கேட்கின்றன. உங்கள் கட்டடமோ இத்தகைய விதிகள் உருவாவதற்கு முன்பே கட்டப்பட்டிருக்கக் கூடும். ஆகவே கூட்ட அரங்கையும் அடுக்குகளையும் தரைத்தளத்தில் வைத்து, மேல்தளத்தைச் சிறு வகுப்புகளுக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை. பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் இதை உறுதிசெய்ய வேண்டும். அரங்குக்காக இரண்டு வகுப்பறைகளுக்கு இடையிலுள்ள சுவரை இடிக்கலாமே என்று யாரேனும் நிச்சயம் கேட்பார்கள். பழைய நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், சமூகப் பயன்பாடு அவற்றின் பாதுகாப்புக்குத் துணைசெய்யும் என்று ஏற்றாலும், அந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டடத்தின் அமைப்பை மாற்றக் கூடாது என்றும் வரையறுக்கிறது. அந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்கும் சுவராகவும் இருக்கலாம்.

புதிதாகச் சேர்ப்பவை பின்னாளில் தடமின்றி அகற்றக் கூடியவையாக இருக்கட்டும். கழிப்பறையைத் தனிக் கட்டடமாக வெளியே கட்டினால் பழைய சுவர்களுக்கு மீண்டும் ஈரம் வராது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 சரிவில் அமைய வேண்டும். வாசல் முற்றத்திலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்கு 5.4 மீட்டர் நீளம் தேவை என்பதால், முற்றத்தின் திட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக் கூடும். சோதிக்காமல் உலர் நிலையில் தேய்த்து எடுக்காதீர்கள்.

பணம் முழுவதும் சேரும்வரை பூட்டியே வைக்கவும் வேண்டாம். கூரையும் வடிகாலும் சரியாகி, பொறியாளர் ஒப்புதல் தந்ததும் தரைத்தளத்தில் ஓர் அறையைத் திறந்து படிப்பகத்தைத் தொடங்குங்கள். திரட்டும் நிதியில் ஒரு பகுதியை, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் ஓடு மாற்றவும் குழாய் துப்புரவு செய்யவும் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.