இடுப்பு மூட்டு: புது மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இடுப்பு மூட்டு தேய்ந்து, தோப்புக்குக்கூட நடக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் மூட்டை மாற்றச் சொல்கிறார்கள். பல வருஷமாகப் போடும் மாடல் ஒன்று. புதிதாக வந்தது இன்னொன்று, அதற்கு 80 ஆயிரம் கூடுதல், 'ஆயுசுக்கும் வரும்' என்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: புதிது என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சந்தைக்கு வந்து மூன்று வருஷமே ஆன மூட்டு இருபது வருஷம் உழைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். மூட்டும் புதுமை என்றுதான் வந்தது. உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து உரசி, கோபால்ட்டும் குரோமியமும் உடம்பில் கலந்தன. ஐந்தே வருஷத்தில் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோரைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இதையெல்லாம் கண்டுபிடிக்க உதவுவது பதிவேடுதான். ஸ்வீடனில் 1979 முதல், ஆஸ்திரேலியாவில் 1999 முதல், இங்கிலாந்தில் 2003 முதல், எந்த மாடல் எத்தனை பேருக்குப் போட்டார்கள், எத்தனை பேருக்கு மாற்ற வேண்டி வந்தது என்று எழுதி வருகிறார்கள். பத்து வருஷத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் மாற்ற வேண்டி வரக்கூடாது என்பது இங்கிலாந்தின் அளவுகோல். பொதுவாக, இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் 25 வருஷம் நிற்கும் என்று 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆக, 'ஆயுசுக்கும்' என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

டாக்டரிடம் மூட்டின் கம்பெனி, மாடல் பெயர்களை எழுதி வாங்குங்கள். "இதே மாடலுக்குப் பத்து வருஷக் கணக்கு இருக்கிறதா? நீங்கள் வருஷத்துக்கு எத்தனை போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். டாக்டரின் கைப்பழக்கமும் மூட்டு அளவுக்கு முக்கியம். கிண்ணத்துக்குள் வரும் லைனர் என்ன பிளாஸ்டிக் என்பதையும் கேளுங்கள். 'கிராஸ்லிங்க்டு' பாலிஎத்திலீன் (இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கிய பிளாஸ்டிக்) பழைய வகையைவிடக் குறைவாகத் தேய்கிறது என்பது நிரூபணமான விஷயம். பணம் மிச்சமிருந்தால் அதற்குச் செலவிடலாம்.

இன்னொன்று: மறு அறுவை ஆகவில்லை என்பதற்காக மூட்டு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. வலி இல்லாமலே லைனர் தேய்ந்து எலும்பை அரிக்கலாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்கத் தவறாதீர்கள்.

அறுவை முடிந்ததும், பாக்கெட்டில் வரும் ஸ்டிக்கரின் (மாடல் எண், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண் இருக்கும்) ஒரு பிரதியை வாங்கி ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு அந்த மூட்டைத் திரும்பப் பெற்றால் அம்மாவுக்குக் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். பில்லிலும் அதே எண் வரட்டும்.

அப்புறம், மருத்துவமனை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில் என்று கவலைப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட ஆணையம் போதும்.