கொரியாவின் வடிவியல் அரூப ஓவியங்கள் ஐரோப்பாவின் நகல்தானா?

வட்டம், சதுரம், முக்கோணம் என்று கொரியர்கள் வரைந்ததெல்லாம் ஐரோப்பாவைப் பார்த்துச் செய்ததுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாணி வெளியிலிருந்து வந்தது உண்மை. பெரும்பாலும் ஜப்பான் வழியாக வந்தது. ஆனால் அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நகல் என்று சொல்ல மனம் வராது.

கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில் இது தொடங்கியது. கவிஞர் யி சாங் கட்டடக்கலை படித்தவர். 1929-இல் ஒரு கட்டடக்கலை இதழின் அட்டை வடிவமைப்புப் போட்டியில், வடிவியல் பாணி அட்டைகளுக்காக, முதல் பரிசும் மூன்றாம் பரிசும் அவருக்கே. டோக்கியோவில் படித்த கிம் ஹ்வான்கி 1938-இல் 'ரோண்டோ' வரைந்தார். அதில் பியானோவும் மனிதர்களும் வளைவுகளாகவும் வண்ணப் பரப்புகளாகவும் மாறியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் யூ யங்குக். அவரும் டோக்கியோவில் படித்தவர்தான். 1943-இல் கிழக்குக் கடற்கரையிலுள்ள சொந்த ஊரான உல்ஜினுக்குத் திரும்பி மீன்பிடித் தொழில் செய்தார், அப்புறம் மது வடிக்கும் ஆலையும் நடத்தினார். 1955-இல் சியோலுக்குப் போனார். 1964-இல் முதல் தனிக் கண்காட்சி வைத்தபின் ஓவியர் குழுக்களை விட்டு விலகி, தனியாக வரைந்துகொண்டே இருந்தார். அவருடைய முக்கோணங்கள் உல்ஜின் மலைகள். அடர்ந்த சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த மலைகளை எந்த ஐரோப்பியரிடமிருந்து நகலெடுக்க முடியும்?

1960-களின் பிற்பகுதியில் கதை நகரத்துக்கு வருகிறது. பார்க் சுங் ஹீயின் ஆட்சியில் தொழிற்சாலைகள் பெருகின, 1968-இல் சியோல்–இஞ்சியோன் விரைவுச்சாலையும் 1970-இல் சியோல்–பூசான் விரைவுச்சாலையும் திறக்கப்பட்டன. ஹா சோங்-ஹியுன் 1967-இல் தொடங்கிய ஓவிய வரிசைக்கு 'நகரத் திட்ட வெள்ளை அறிக்கை' என்றே பெயர் வைத்தார். லீ சுங்-ஜோ உலோகக் குழாய்களைப் போல மின்னும் உருளைகளை வரைந்தார். நாடாவை ஒட்டி விளிம்பைப் பிடித்து, நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருட்டும் வரும்படி தட்டைத் தூரிகையை இழுத்து, காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றுவார். பொறுமையான கைவேலை அது. பாரிஸில் வாழ்ந்த ஹான் முக்கோ, 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியதால் உந்தப்பட்டு, காம்பஸால் சுழலும் வெளிகளை வரையத் தொடங்கினார்.

1970-களில் தான்செக்வா என்ற ஒற்றை நிற ஓவியம் எழுந்தது. வெள்ளையும் அடங்கிய நிறங்களும்தான் கொரியத்தன்மை என்ற பேச்சு வலுத்ததும், வடிவியல் ஓவியங்கள் வெறும் அலங்காரமாக, உணர்ச்சியற்றவையாகப் பார்க்கப்பட்டன. 1980-களில் ராணுவ ஆட்சியை எதிர்த்த மின்ஜுங் (மக்கள் கலை) கலைஞர்களுக்கும் மக்களின் முகங்கள்தான் தேவைப்பட்டன. அந்தத் தேவை எனக்குப் புரிகிறது. தான்செக்வா காலத்து ஒதுக்கல்தான் அநியாயம். தான்செக்வாவின் பெரிய பெயர்களான ஹா சோங்-ஹியுன், சோ சுங்-வோன், சோய் மியோங்-யோங் மூவருமே வடிவியல் ஓவியத்திலிருந்து அங்கே போனவர்கள். கோடும் சதுரமும் கொடுத்த பயிற்சி அவர்களுடைய பிந்தைய ஓவியங்களிலும் தெரிகிறது.

2023 இறுதியில் கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் குவாச்சோன் கிளையில் இந்த ஓவியங்களுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. நீங்கள் புதிதாகப் பார்க்கத் தொடங்குவதானால் யூ யங்குக்கின் 1960-களின் மலைகளை முதலில் பாருங்கள். அடுத்து லீ சுங்-ஜோவின் அந்த உருளைகள், 'நியூக்ளியஸ்' வரிசை.