அலியாகா: எண்ணெய், இரும்பு, பழைய கப்பல் – கேள்வி பதில்

துருக்கியின் துறைமுக ஊரான அலியாகா பற்றிப் போன வாரம் நான்கு வரி எழுதியதற்கே கேள்விகள் குவிந்துவிட்டன. டேங்கர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கரையில் சரக்கு இறக்கியிருக்கிறேன். அதன் பழங்கதை மீது அப்போதிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. தெரிந்தவரை சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

செல்வி, திருச்சி: சார், வரைபடத்தில் எங்கே தேடுவது? தனி மாவட்டமா, இஸ்மீரின் பகுதியா?

இரண்டும்தான். இஸ்மீர் மாகாணத்துக்குள் வரும் மாவட்டம் இது. அளவில் நம் தாலுகா மாதிரி. 1982இல் மெனெமெனிலிருந்து பிரித்துத் தனியாக்கினார்கள். இஸ்மீர் நகரிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால் வரும். மேற்கே ஃபோச்சா, வடக்கே பெர்காமா, கிழக்கே யுண்ட் மலைத்தொடர். கடல் பக்கம் சாந்தார்லி வளைகுடா. அதற்குள்ளேயே கை விரலை மடக்கியதுபோல் சிறு சிறு குடாக்கள். அவற்றில் ஒன்றான நெம்ருத் குடாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும். மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

ராஜ்குமார், எண்ணூர்: எங்கள் ஊர் போல எல்லா ஆலையையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்களே, ஏன் அந்த இடம்?

ஆழமான கடல், காற்றுக்கு மறைவு, கரையிலேயே சமநிலம், பக்கத்தில் பெரிய நகரம். இந்த நான்கும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். 1960களில் துருக்கி அரசு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு இடம் தேடியபோது இங்கே வந்து நின்றதற்கு அதுதான் காரணம். சோவியத் உதவியோடு கட்டிய அந்த ஆலை 1972இல் ஓடத் தொடங்கியது. நேட்டோ நாட்டில் சோவியத் கட்டிய ஆலை என்பதை இன்றைக்குச் சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். அமெரிக்காவோடு உரசல் வந்த காலம் அது, மாஸ்கோவிடம் கடனும் தொழில்நுட்பமும் மலிவாகக் கிடைத்தது.

ஒன்று வந்தால் மற்றது தானாக வரும். சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாஃப்தா என்ற திரவத்தை நம்பி, பெட்கிம் என்ற பெட்ரோகெமிக்கல் வளாகம் 1985இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டுமே, அதற்காகக் குஸெல்ஹிஸார் ஆற்றில் அணை கட்டினார்கள். நெம்ருத் குடாவைச் சுற்றி, பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலை வைத்த எஃகு ஆலைகள் வரிசையாக முளைத்தன. அப்புறம் எல்என்ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு, இறக்கும் முனையம். 2016 கடைசியில் துருக்கியின் முதல் மிதக்கும் எல்என்ஜி முனையமும் இங்கேதான் வந்து நின்றது. திட்டம் போட்டு எழுப்பிய நகரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நல்ல துறைமுகத்தை ஒவ்வொருவராக வந்து பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: அங்கே ஒரு கிரேக்கப் பழம் நகரம் இருந்ததாகப் போன வாரம் சொன்னீர்கள். அதைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஒன்றல்ல, மூன்று. இந்தக் கரையைப் பண்டைக் கிரேக்கர்கள் எயோலிஸ் என்றார்கள். நெம்ருத் குடாவில் கைமே, குஸெல்ஹிஸார் ஆற்று முகத்துவாரத்தில் மிரினா, வடக்கே இன்றைய யெனிஷாக்ரானுக்கு அருகில் கிரினையோன். மூன்றும் இப்போதைய அலியாகா மாவட்ட எல்லைக்குள் வருகின்றன.

பெரியது கைமே. கவிஞர் ஹெசியோடின் அப்பா இங்கிருந்துதான் வறுமை தாங்காமல் கப்பலேறி கிரேக்க நாட்டின் போயோட்டியாவுக்குப் போனார். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்களிடம் அடி வாங்கிய பாரசீகக் கப்பற்படை குளிர்காலத்தைக் கழிக்க ஒதுங்கிய இடங்களில் கைமேயும் ஒன்று. அத்தனை கப்பலை அடக்கும் துறைமுகம் அது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பண்டை உலகில் கைமே மக்களுக்கு முட்டாள்கள் என்றே பெயர். ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதற்குப் பண்டைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ இரண்டு கதை சொல்கிறார். ஒன்று: ஊர் உண்டாகி முந்நூறு ஆண்டு கழித்துத்தான் துறைமுகத்தில் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்களாம். அதுவரை தாங்கள் கடலோரத்தில் குடியிருப்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை என்று ஊரார் சிரித்தார்கள். இன்னொன்று: ஊர்ச் சபை கடன் வாங்கி, பொதுமக்கள் ஒதுங்கும் தூண் மண்டபங்களை அடகு வைத்துவிட்டது. கடனை அடைக்காததால் மண்டபம் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. மழை வந்தால் அவர்களே வெட்கப்பட்டு, "மண்டபத்துக்குள் வாருங்கள்" என்று ஆள் விட்டுக் கூவச் சொல்வார்களாம். மழை பெய்தால் ஒதுங்க வேண்டும் என்பதைக்கூட கைமேக்காரனுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்ற கேலி அப்படிப் பிறந்தது.

எஃபோரஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்த ஊர்க்காரர். உலக வரலாறு எழுதியவருக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்ல எதுவும் அகப்படவில்லை. விட்டுவிடவும் மனமில்லை. அதனால் அங்கங்கே, "இதே காலத்தில் கைமே மக்கள் அமைதியாக இருந்தார்கள்" என்று ஒரு வரி செருகிவிடுவாராம். இதையும் ஸ்டிராபோதான் போட்டுக்கொடுக்கிறார். சொந்த ஊர்ப் பாசத்துக்கு இதைவிட நல்ல சான்று நான் படித்ததில்லை.

கிரினையோனில் அப்பல்லோவின் குறிகேட்கும் கோயில் புகழ்பெற்றது. கி.மு. 335இல் மாசிடோனியத் தளபதி பார்மெனியோன் அந்த ஊரைப் பிடித்து மக்களை அடிமைகளாக விற்றார். மிரினா பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முருகேசன், தூத்துக்குடி: அலாங்கில் கப்பல் உடைப்பதைப் பார்த்திருக்கிறேன் அண்ணே. அங்கேயும் அதே முறைதானா?

இல்லை, பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதற்குக் காரணம் நிலவியல்.

குஜராத்தின் அலாங்கில் ஓதம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். உச்ச ஓதத்தில் கப்பலை முழு வேகத்தில் கரையில் ஏற்றிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் முழுக் கப்பலும் சேற்றில் உட்கார்ந்திருக்கும். ஏஜியன் கடலில் ஓதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் அலியாகாவில் கப்பலின் முகப்பை மட்டும் கரையில் முட்டவைப்பார்கள். பின்பகுதி மிதந்துகொண்டே இருக்கும். முகப்பிலிருந்து வெட்டத் தொடங்கி, துண்டுகளைக் கிரேனால் தூக்கிக் கரையில் கான்கிரீட் தளத்தில் வைத்து, அங்கே சிறிதாக நறுக்குவார்கள். எடை குறையக் குறைய வின்ச் என்ற இழுவை இயந்திரம் போட்டு மிச்சத்தை உள்ளே இழுப்பார்கள். கடைசியில் அடிப்பாகம் ஒரு தட்டு மாதிரி வந்து சேரும்.

தூரத்திலிருந்து பார்த்தால் பத்துப் பதினைந்து கப்பல்கள் மூக்கை மண்ணில் புதைத்து வரிசையாக நிற்கும். ஒன்றில் கப்பலை ஓட்டும் மேல்தளம் போயிருக்கும், இன்னொன்றில் அறைகள் பாதியாக வெட்டுப்பட்டு, உள்ளே கட்டிலும் கழிவறையும் வெளிச்சத்தில் தெரியும். கப்பலில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அது லேசான காட்சி இல்லை.

வெட்டிய இரும்பு போகும் இடமும் வேறு. அலாங் தகடுகளில் கணிசமான பகுதி பாவ்நகர் பக்கத்து ஆலைகளில் சூடாக்கி அப்படியே உருட்டிக் கம்பியாகும். அலியாகாவில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மின்வில் உலைகளில் உருக்கிவிடுவார்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பழைய இரும்பு இறக்குமதியில் உலகிலேயே முதலிடம் துருக்கிக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். அந்த உலைகளின் பசிக்கு உள்ளூர்க் கப்பல் உடைப்பு ஒரு கவளம். கப்பல் படம்தான் பத்திரிகையில் வருகிறது, ஊரை ஓட்டுவது எண்ணெயும் எஃகும்.

அனிதா, கோவை: 2020இல் அங்கே சொகுசுக் கப்பல்கள் வரிசையாக நின்ற படம் வந்ததே?

ஆமாம், கொரோனா. கார்னிவல் நிறுவனத்தின் ஃபேன்டஸி, இன்ஸ்பிரேஷன், இமாஜினேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கு முன்பே பெரிய பெயர்கள் வந்து போயிருக்கின்றன. இங்கிலாந்தின் விமானந்தாங்கிகள் இன்வின்சிபிள், ஆர்க் ராயல், இலஸ்ட்ரியஸ் மூன்றும் இங்கேதான் துண்டானவை.

கார்த்திக், சென்னை: பிரேசில் விமானந்தாங்கி ஒன்றைத் திருப்பி அனுப்பிய விவகாரம் என்ன?

சாவோ பாவ்லோ. பிறப்பில் அது ஃபோஷ் என்ற பிரெஞ்சுக் கப்பல், 2000இல் பிரேசில் வாங்கியது. அலியாகாவில் உடைக்க விற்று, 2022 ஆகஸ்டில் ரியோவிலிருந்து இழுவைக் கப்பல் கட்டிக் கிளம்பியது. அதற்குள் இஸ்மீரிலும் அலியாகாவிலும் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சண்டை, கப்பலில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் என்ற நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் எவ்வளவு என்பதைப் பற்றி. ஆய்வறிக்கை 9.6 டன் என்றது. இதே வார்ப்பில் செய்த அக்கா கப்பலான கிளெமென்சோவில் நூற்றுக்கணக்கான டன் இருந்ததாகப் பரவலாகப் பேசப்பட்டிருந்ததால் யாரும் நம்பத் தயாராக இல்லை. மாத இறுதியில் துருக்கி அனுமதியை ரத்து செய்தது. கப்பல் ஜிப்ரால்டர் பக்கம் வந்து திரும்பியது. பிரேசிலிலும் எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2023 பிப்ரவரியில் பிரேசில் கடற்படை அதை அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது.

கிளெமென்சோ கதை நமக்கும் தெரிந்ததுதான். 2006இல் அலாங்குக்கு வந்துகொண்டிருந்ததை, எதிர்ப்பு வலுத்ததும் பிரான்சே திரும்ப அழைத்துக்கொண்டது. அக்காளைக் கடைசியில் இங்கிலாந்தில் உடைத்தார்கள், தங்கையைத்தான் கரை ஏற்ற ஆள் இல்லாமல் போனது.

மூழ்கடித்ததில் யாருக்கு வெற்றி என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை. அலியாகா மக்கள் கேட்டது நியாயம். விஷம் மட்டும் கடலுக்கடியில் இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்றவர், நாகப்பட்டினம்: தொழிலாளர் பாதுகாப்பு எப்படி? என் மகன் வெளிநாட்டில் இந்த வேலைக்குப் போக நினைக்கிறான்.

தெற்காசியத் தளங்களைவிட மேல். கான்கிரீட் தளம், கிரேன், முகக்கவசம் உண்டு. சில தளங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரப் பட்டியலிலும் இருக்கின்றன. கப்பல் மறுசுழற்சிக்கான ஹாங்காங் ஒப்பந்தத்தில் துருக்கி 2019இல் சேர்ந்தது, ஒப்பந்தம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்ற பசிபிக் பிரின்சஸ் கப்பல் 2013இல் அங்கே வந்தபோது, இயந்திர அறைப் பக்கம் நச்சுவாயு தாக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். மூடிய அறைக்குள் வாயு சோதிக்காமல் இறங்கக் கூடாது என்பது கப்பலில் ஏறிய முதல் நாளே சொல்லித்தரும் பாடம். உடைக்கும் தளத்தில் அவசரம் அந்தப் பாடத்தைத் தின்றுவிடுகிறது. அம்மா, மகனிடம் சொல்லுங்கள்: அங்கே பெரும்பாலும் துருக்கியின் உள்நாட்டு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள்தான் வெட்டுகிறார்கள். வெளிநாட்டு ஆளுக்கு வேலை வாங்கித்தருகிறேன் என்று எவராவது முன்பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

ராஜ்குமார் மறுபடியும்: மக்கள் எதிர்த்து எதையாவது நிறுத்தியிருக்கிறார்களா?

நிறுத்தியிருக்கிறார்கள். 1989–90இல் கென்ஜெல்லி என்ற இடத்தில் பெரிய நிலக்கரி மின்நிலையம் கட்ட அரசு முடிவு செய்தது. 1990 மே 6 அன்று இஸ்மீருக்கும் அலியாகாவுக்கும் இடையே பல்லாயிரம் பேர் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். இராணுவ ஆட்சி போய் ஏழு வருடம்கூட ஆகாத நாடு அப்போது. வழக்கும் போட்டார்கள், திட்டம் கைவிடப்பட்டது. துருக்கியின் சுற்றுச்சூழல் இயக்கத்துக்கு இது ஒரு தொடக்கப்புள்ளி. பிற்பாடு வேறு நிலக்கரி மின்நிலையம் அதே மாவட்டத்துக்குள் வந்தே விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிவா, யாழ்ப்பாணம்: இப்போது எல்லாம் அஜர்பைஜான் கையில் என்கிறார்களே?

எல்லாம் இல்லை. பெட்கிமின் 51 சதவீதம் 2008இல் அஜர்பைஜான் அரசு எண்ணெய் நிறுவனமான சோகார் இருந்த கூட்டணிக்குப் போனது. அதே நிறுவனம் ஸ்டார் என்ற புதுச் சுத்திகரிப்பு ஆலையை 2018 அக்டோபரில் திறந்தது. கொள்ளளவு ஆண்டுக்கு 1 கோடி டன். பழைய சுத்திகரிப்பு ஆலை டுப்ராஷ் கையில், அதாவது துருக்கியின் கோச் குழுமத்திடம்.

பேராசிரியர் ஒருவர், மதுரை: நிலநடுக்கப் பகுதியில் இவ்வளவு எரிபொருளை அடுக்குவது விவேகமா?

இல்லை, ஐயா. கி.பி. 17இல் மேற்கு அனதோலியாவில் ஒரே இரவில் பன்னிரண்டு நகரங்கள் இடிந்தன. அந்தப் பட்டியலில் மிரினாவும் கைமேயும் உண்டு. 1999இல் இஸ்மித் நிலநடுக்கத்தில் அங்குள்ள சுத்திகரிப்பு ஆலை நாள்கணக்கில் எரிந்தது. அலியாகா அதிகாரிகளுக்கு இது தெரியாததல்ல.

ஃபாத்திமா: சுற்றிப் பார்க்கப் போகலாமா? மிரினாவைச் சொல்கிறேன் என்றீர்களே.

போகலாம். இஸ்பான் என்ற புறநகர் ரயில் இஸ்மீரிலிருந்து அலியாகா வரை ஓடுகிறது, அதுதான் வடக்குக் கடைசி நிலையம். கைமேயில் பெரிய கோயில் தூண்களை எதிர்பார்க்காதீர்கள். அடித்தளங்கள், கடலுக்குள் அமிழ்ந்த பழைய அலைதாங்கி, எதிரே சரக்குத் துறை. கைமேக்கு எதிரே கடலில் கிடைத்த வெண்கல ஓட்டக்காரன் சிலை இஸ்மீர் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். ஊருக்குள் கப்பலிலிருந்து கழற்றிய சாமான்கள் விற்கும் கடைகளும் உண்டு: வட்டச் சன்னல், உயிர்காக்கும் மிதவை, கப்பல் சமையலறைப் பாத்திரம். பேரம் பேசுங்கள்.

மிரினாவின் நிலம் 19ஆம் நூற்றாண்டில் பல்தாட்ஸி என்ற இஸ்மீர் பணக்காரக் குடும்பத்தின் பண்ணையாக இருந்தது. கல்லறைகளில் சுடுமண் பொம்மைகள் கிடைக்கத் தொடங்க, 1880–82இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டினார்கள். சிறகு முளைத்த சிறுவர்கள், முக்காடிட்ட பெண்கள், கேலி முகங்கள். சின்ன உருவில் அத்தனை நுணுக்கம். நல்லவை பல பாரிஸின் லூவ்ரில் இருக்கின்றன. இடத்தில் இப்போது மேடும் புல்லும்தான், அதற்காகத் தனியாக வண்டி பிடிக்க வேண்டாம்.